மூவாயிரம் ஆண்டு மௌனம் கலைந்ததா?

1939ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள். கெய்ரோ அருங்காட்சியகத்தில் ஓர் ஒலிவாங்கி வைக்கப்பட்டிருந்தது. அதன் முன் பிரிட்டிஷ் குதிரைப்படைப் பிரிவொன்றின் வாத்தியக் குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் டாப்பர்ன் என்னும் வீரர் நின்றார். அவருடைய கையில் இருந்தது சாதாரண எக்காளம் அன்று. எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறையிலிருந்து எடுத்த எக்காளம். 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த அந்தக் கல்லறையில் இரண்டு எக்காளங்கள் இருந்தன. ஒன்று வெள்ளியாலானது, மற்றொன்று செப்புக் கலவையாலானது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கல்லறையில் கிடந்த கருவிகள் அவை. டாப்பர்ன் ஊதினார். பி.பி.சி. அந்த முழக்கத்தை வானொலி வழியே உலகெங்கும் பரப்பியது.

அந்த ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. வாய்ப்புக் கிடைக்கும்போது அதைக் கேட்டுப் பாருங்கள். பார்வோனின் எக்காளம் என்று அறிவித்துவிட்டு அந்த ஒலி எழும்போது மெய் சிலிர்க்கும். எனக்கும் சிலிர்த்தது. சிலிர்ப்பு அடங்கிய பிறகுதான் ஒரு கேள்வி எழுந்தது. நாம் கேட்டது பார்வோன் கேட்ட ஒலியா, அல்லது பார்வோனின் பொருளிலிருந்து எழுந்த இருபதாம் நூற்றாண்டு ஒலியா?

இரண்டும் ஒன்றல்லவா என்று நீங்கள் கேட்கலாம். அல்ல என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். மண்ணிலிருந்து கிடைத்த நரம்புக் கருவிகளையும் ஊதுகருவிகளையும் செப்பனிட்டும், அவற்றைப்போல் புதிதாகச் செய்தும் இசைத்துக் காட்டும் முயற்சிகள் கடந்த நூறு ஆண்டுகளாக நடந்து வருகின்றன. இசைத்தட்டுகள், திரைப்படங்கள், அருங்காட்சியக நிகழ்ச்சிகள் ஆகிய எல்லாவற்றிலும் ‘இதோ பழங்கால ஒலி’ என்ற ஒரே அறிவிப்புத்தான். இவற்றுள் சில உயர்ந்த அறிவியல் பணிகள். சில வெறும் வேடிக்கைகள். வேறு சில, தெரியாமலே நம்மை ஏமாற்றுகின்றன. இவற்றைத் தரம் பிரித்துப் பார்க்கும் வழி இயற்பியலில் இருக்கிறது.

எக்காளத்தின் வாயில் என்ன இருந்தது?

துட்டன்காமனின் வெள்ளி எக்காளம் ஏறக்குறைய 58 செ.மீ. நீளமுள்ளது. செப்புக் கலவை எக்காளம் அதைவிடச் சற்றுக் குட்டையானது. இரண்டிலும் ஊதும் முனையில் கிண்ணம் போன்ற உறுப்பு எதுவும் இல்லை. குழாயின் விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் மட்டுமே உண்டு. ஊதுபவன் அதன் மேல் நேராக உதட்டை வைக்க வேண்டும்.

1939இல் நடந்தது வேறு. இன்றைய டிரம்பெட்டுக்குரிய ஊதுமுனையைச் செருகித்தான் டாப்பர்ன் ஊதினார். இது சிறிய மாற்றமாகத் தோன்றும். ஆனால் எக்காள வகைக் கருவிகளில் ஒலி பிறக்கும் இடமே உதடுதான். உதடு துடிக்கிறது. குழாய்க்குள் இருக்கும் காற்றுத்தம்பம் தனக்கு இசைவான துடிப்பை மட்டும் வலுப்படுத்தித் திருப்பி அனுப்புகிறது. கிண்ணமும் அதன் அடியிலுள்ள குறுகிய கழுத்தும் சேர்ந்தால் குழாயின் உயர்ந்த ஒத்ததிர்வுகள் வலுவடைகின்றன. உதடும் நிலையாக அமர்கிறது. அப்பொழுது பயிற்சி பெற்றவர் ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்குப் படிப்படியாக ஏறி இறங்க முடியும். கிண்ணம் இல்லாத வெறுங்குழாயில் அது எளிதன்று.

ஜெரமி மாண்டேகு என்ற ஆங்கிலேய இசைக்கருவி அறிஞர் 1970களில் இக்கருவியை ஆராய்ந்து இதைத்தான் எடுத்துக் காட்டினார். ஊதுமுனை செருகாமல் ஊதினால் நடைமுறைக்கு ஏற்ற நல்ல சுரம் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். அதற்குக் கீழே உள்ளது தெளிவற்றது. மேலே உள்ளதை எழுப்பப் பெரும் முயற்சி வேண்டும். அப்படியானால் பார்வோனின் எக்காளக்காரன் மெட்டு எதையும் வாசித்திருக்க முடியாது. ஒரே சுரத்தை நீட்டியும் குறுக்கியும் தாளக்கட்டில் ஆணைகளை அறிவித்திருப்பான். தந்திக் கம்பியில் ‘கட்டு, கட கட’ என்று செய்தி அனுப்பிய முறையை நினைத்துக் கொள்ளுங்கள்.

ஆகவே வானொலியில் கேட்டது பிரிட்டிஷ் படைவீரர் ஒருவர் தாம் பயின்ற படை முழக்கத்தை ஒரு பழைய உலோகக் குழாயின் வழியே ஊதிய ஒலி. உலோகம் எகிப்தியருடையது, ஊதுமுனையும் உதட்டுப் பயிற்சியும் மெட்டும் அவருடையவை. குற்றம் அவர்மீது அன்று. இன்ன இன்ன பகுதி நம்முடையது என்று கேட்போரிடம் தெளிவாகச் சொல்லாததே குற்றம்.

இதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. நிகழ்ச்சிக்கு முன் நடந்த ஒரு சோதனையில், புதிய ஊதுமுனையைச் செருகி ஊத முயன்றபோது வெள்ளி எக்காளம் சிதறியது என்று பதிவாகியுள்ளது. மெல்லிய வெள்ளித் தகடு மூவாயிரம் ஆண்டுகளில் நொய்ந்து போயிருந்தது. பிறகு அதை ஒட்டவைத்துச் சீர்செய்தார்கள். உலகில் இரண்டே இரண்டாகக் கிடைத்தவற்றுள் ஒன்று அது. அதற்கு ஒவ்வாத உறுப்பொன்றைத் திணித்து, அது தராத சுரங்களை வருவிக்கப்போய் உடைத்தார்கள் என்பதை எண்ணும்போது எனக்குச் சிலிர்ப்புப் போய்ச் சினமே மிஞ்சுகிறது.

எலும்பு சொல்வதும் சொல்லாததும்

எக்காளத்தைவிடப் புல்லாங்குழல் நம்பகமான சாட்சி. அதன் துளைகள் ஓரளவு சுரத்தைச் சொல்லிவிடுகின்றன. சீனாவின் ஹெனான் மாநிலத்தில் ஜியாஹு என்னும் இடத்தில் 1980களில் நடந்த அகழ்வாய்வில் கொக்கின் இறக்கை எலும்பால் செய்த குழல்கள் கிடைத்தன. அவை ஏழாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. முழுமையாகக் கிடைத்த ஆறு குழல்களைப் பற்றிய ஆய்வு 1999இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. ஏழு துளைகளுள்ள ஒரு குழலில், ஏழாம் துளையின் அருகே ஊசிமுனை போன்ற ஒரு சிறுதுளையும் இருந்தது. செய்தவன் முதலில் ஒரு துளையிட்டுப் பார்த்து, சுரம் சற்றுப் பிசகியிருக்கவே, அதைத் திருத்த இரண்டாவது துளையிட்டிருக்கிறான் என்று ஆய்வாளர் கருதினர். இந்தச் சிறுதுளையை மிகவும் மதிக்கிறேன். ஒன்பதாயிரம் ஆண்டுக்கு முந்திய காது ஒன்று ‘இது சரியில்லை’ என்று சொன்னதற்குச் சான்று எலும்பிலேயே பதிந்திருக்கிறது. இதை நாம் ஊகித்துச் சேர்க்கவில்லை.

ஆனால் அதே குழலைச் சோதித்தவர்கள் செய்த மற்றொரு காரியம் உண்டு. இசைவாணர் ஒருவரைக் கொண்டு அதில் ‘ஷியாவ் பைத்சாய்’ என்னும் சீன நாட்டுப்பாடலை வாசிக்கச் செய்து அந்த ஒலிப்பதிவையும் வெளியிட்டார்கள். உலகெங்கும் செய்தித்தாள்கள் ‘ஒன்பதாயிரம் ஆண்டு இசை’ என்று கொண்டாடின. ஏறக்குறைய இதே காட்சியை ஜெர்மானியத் திரைப்பட இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் 2010இல் எடுத்த குகை ஓவிய ஆவணப் படத்திலும் காணலாம். பனியுகக் குழலின் நகலொன்றை எடுத்து வூல்ஃப் ஹைன் என்ற ஆய்வாளர் ஊதுகிறார். என்ன பாட்டு? அமெரிக்க நாட்டுப் பண்!

படத்தில் அது நகைச்சுவையாகவே வருகிறது. இருந்தாலும் அதில் ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. தேர்ந்த கலைஞனிடம் ஐந்து துளைக் குழல் ஒன்றைக் கொடுத்தால், உதட்டின் கோணத்தை மாற்றியும் துளையைப் பாதி மூடியும் அவன் தனக்குப் பழகிய மெட்டைக் கொண்டு வந்துவிடுவான். சீனர் ஊதினால் சீனப் பாட்டு வரும், அமெரிக்கப் பண்ணை நினைத்தவர் ஊதினால் அமெரிக்கப் பண் வரும். ‘இக்குழலால் இவையும் இயலும்’ என்பதற்கு இது சான்றாகலாம். ‘இவற்றைத்தான் வாசித்தார்கள்’ என்பதற்குச் சான்றாகாது.

அந்த ஜெர்மன் குழல்களிலேயே வேறொரு சிக்கலும் இருக்கிறது. 2008இல் ஹோலே ஃபெல்ஸ் குகையில் நிக்கோலஸ் கோனார்டு குழுவினர் கண்டெடுத்த குழல் பிணந்தின்னிக் கழுகின் எலும்பாலானது. எஞ்சியுள்ள பகுதி 21.8 செ.மீ. நீளம். அதில் ஐந்து துளைகள் உள்ளன. வயது 35,000 ஆண்டுகளுக்கு மேல். ஒரு முனையில் V வடிவ வெட்டுகள் இரண்டு காணப்படுகின்றன. மறுமுனை உடைந்து போயிற்று. இதை எப்படி ஊதினார்கள்? முனையின் விளிம்பில் காற்றைச் சாய்வாகச் செலுத்தியா, அல்லது புல்லையோ மரப்பட்டையையோ நாக்காகச் செருகியா?

ஊதும் முறையில் என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரியாக 22 செ.மீ. நீளமுள்ள உருளைக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரு முனைகளும் திறந்திருந்தால் அதன் அடிப்படைச் சுரத்தின் அலைநீளம் குழாயின் நீளத்தைப் போல் இரு மடங்கு. காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர். முனைத் திருத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அதிர்வெண் ஏறக்குறைய 760. அதே குழாயில் நாக்கு ஒன்றைப் பொருத்தினால் அம்முனை மூடியதற்குச் சமமாகிவிடும். அலைநீளம் நான்கு மடங்காகி, அதிர்வெண் பாதியாகக் குறையும். ஒரே எலும்பு, ஊதும் முறை மாறினால் முழு எட்டுச் சுரம், அதாவது ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறது! மேற்சுரங்களின் வரிசையும் மாறிவிடும். நகலைக் கேட்கும்போது அதை ஊதியவர் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தார் என்பதையும் நமக்குச் சொன்னால்தான் அது ஆய்வாகும்.

துளைகளை அளவுக்கு மீறி நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்லோவேனியாவின் கதை இருக்கிறது. 1995இல் திவ்யே பாபே குகையில் இவான் டூர்க் என்னும் ஆய்வாளர் குகைக் கரடிக் குட்டியின் தொடை எலும்புத் துண்டொன்றைக் கண்டெடுத்தார். முழுமையான துளைகள் இரண்டு. உடைந்த முனைகளில் துளைகளின் குறிகள் போன்றவையும் இருந்தன. நியாண்டர்தால் மனிதனின் குழல் இது என்றனர். அடுத்து, கனடா நாட்டு பாப் ஃபிங்க் என்பவர் துளைகளுக்கிடையே உள்ள தொலைவுகளை அளந்து, அவை இன்றைய மேல்நாட்டுச் சுர வரிசைக்குப் பொருந்துகின்றன என்று 1997இல் எழுதினார். நம்முடைய சுர வரிசை மனித இயற்கையிலேயே ஊறியது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

ஆனால் அந்தத் துண்டின் நீளம் 11 செ.மீ. அளவுதான். கணக்குப் பொருந்த வேண்டுமானால் முழுக் குழல் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் நீண்டிருக்க வேண்டும். கரடிக் குட்டியின் தொடை அவ்வளவு நீளமாக இருக்குமா என்று எதிர்ப்பாளர் கேட்டனர். முடிவை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற நீளத்தைக் கற்பித்தால், முடிவு கிடைக்கத்தானே செய்யும்! துளைகளே ஊன்தின்னி விலங்குகளின் பற்கள் பதிந்தவை என்று பிரான்செஸ்கோ தெரிக்கோ முதலியோர் 1998இல் வாதிட்டனர். டூர்க் தம் கருத்தை விடவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. இதற்கிடையே அதன் நகலில் செவ்விசைப் பாடல்களையே வாசித்துக் காட்டுகிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது இனிமையைச் சாட்சியாக ஏற்கலாகாது.

தலை மட்டும் கிடைத்த கொம்பு

ஸ்காட்லாந்தில் டெஸ்க்ஃபோர்டு என்னும் ஊரில் 1816ஆம் ஆண்டளவில் வெண்கலத்தாலான காட்டுப்பன்றித் தலை ஒன்று கிடைத்தது. ‘கார்னிக்ஸ்’ எனப்படும் கெல்டிக் போர்க்கொம்பின் முகப்பு அது. கொம்பை நிமிர்த்திப் பிடித்தால் படைவீரர்களின் தலைக்கு மேலே பன்றி வாயைத் திறந்து உறுமும். 1990களின் தொடக்கத்தில் ஜான் பர்சர் என்ற இசையறிஞரின் முயற்சியால், ஜான் கிரீட் என்ற உலோகக் கைவினைஞர் இதை முழுக் கொம்பாகச் செய்தார். 1993 முதல் ஜான் கென்னி என்பவர் அதை வாசித்து வருகிறார். கேட்டவர்கள் அதன் உறுமலையும் ஓலத்தையும் எளிதில் மறக்க மாட்டார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, கிடைத்தது தலை மட்டுமே என்பது. குழாய் கிடைக்கவில்லை. குழாயின் நீளமல்லவா சுருதியைத் தீர்மானிக்கிறது! டென்மார்க்கில் கிடைத்த குண்டஸ்ட்ரப் வெள்ளிக் கலத்தில் இக்கொம்பை ஊதும் வீரர்களின் உருவங்கள் உள்ளன. அதைப் பார்த்தே நீளத்தை மதிப்பிட்டார்கள். சிற்பி விகிதாசாரம் பார்த்துச் செதுக்கினான் என்பதற்கு என்ன உறுதி? பின்னர் 2004இல் பிரான்சின் தான்தின்யாக் என்ற இடத்தில் ஏழு கார்னிக்ஸ்களின் பகுதிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ முழுமையானது; அதன் நீளம் 1.8 மீட்டர். இதன் பிறகுதான் குழாயைப் பற்றி உறுதியாகப் பேச முடிந்தது. கென்னி அந்த வகையையும் மறு ஆக்கம் செய்வித்து வாசித்திருக்கிறார். முதல் கொம்பைத் தவறென்று தள்ளிவிட வேண்டியதில்லை. புதிய சான்று வந்ததும் இரண்டாவது கொம்பு செய்தார்களே, அதுதான் பாராட்டத்தக்கது.

நாக்கு உள்ள குழல்களில் நிலைமை இன்னும் மோசம். மெசொப்பொத்தேமியாவின் ஊர் நகரத்தில் 4400 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வெள்ளிக் குழல்கள் கிடைத்திருக்கின்றன. கிரேக்கரின் ‘ஆலோஸ்’ என்னும் இரட்டைக் குழல்களும் பல அருங்காட்சியகங்களில் உள்ளன. குழல் இருக்கிறது, ஆனால் நாணலில் செய்த நாக்கு மக்கி மறைந்துவிட்டது. நாகசுரம் வாசிப்பவரைக் கேட்டுப் பாருங்கள். சீவாளியை மாற்றினால் சுருதி எவ்வளவு அசையும், சீவாளியைச் சற்று உள்ளே தள்ளினாலும் வெளியே இழுத்தாலும் என்னென்ன மாறும் என்று அவர் சொல்வார். சீவாளியே இல்லாத குழலைக் கையில் வைத்துக்கொண்டு சுரம் சொல்லுவது துணிச்சலான வேலை.

ஆஸ்திரிய நாட்டு அறிஞர் ஸ்டெஃபான் ஹாகெல் இந்தச் சிக்கலைக் கையாண்ட விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆலோஸ் இரட்டைக் குழல். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிப்பவை. ஆகவே இரண்டின் சுரங்களும் ஒன்றோடொன்று இசைய வேண்டும். நாக்கின் நீளத்தைப் பல அளவுகளில் மாற்றி மாற்றிக் கணினியில் கணக்கிட்டு, எந்த அளவில் இரு குழல்களின் சுரங்களும் நன்கு இசைகின்றன என்று அவர் தேடினார். காணாமற்போன உறுப்பைத் தம் விருப்பத்திற்கு ஏற்பச் செய்யாமல், எஞ்சியுள்ள உறுப்புகளையே சாட்சி சொல்ல வைத்தார்.

நரம்பு அறுந்தால் எல்லாம் அறுந்தது

இனி நரம்புக் கருவிகளுக்கு வருவோம். கம்பியின் அதிர்வெண் அதன் நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் நிறை ஆகிய மூன்றையும் பொறுத்தது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். மண்ணிலிருந்து எடுத்த கருவியில் மிஞ்சக் கூடியது நீளம் ஒன்றுதான். இழுவிசையைக் கொடுத்தவனின் கை மறைந்துவிட்டது. விலங்கின் குடலைத் திரித்தோ குதிரைமயிரை முறுக்கியோ செய்த நரம்பும் மக்கிப்போய்விட்டது. இழுவிசையை நான்கு மடங்காக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அப்படியானால் எதை வைத்துச் சுருதி கூட்டுவது?

நீளம் ஒன்றே ஒரு செய்தியைச் சொல்லும். நரம்பை முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அறுந்துவிடும் அல்லவா? தடித்த நரம்பு அதிக இழுவிசை தாங்கும். ஆனால் அதன் நிறையும் அதே அளவுக்குக் கூடுதல். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து விடுகின்றன. ஆகவே குறிப்பிட்ட நீளமுள்ள நரம்பு, மெல்லியதாயினும் தடித்ததாயினும், ஏறக்குறைய ஒரே சுருதியில்தான் அறுகிறது. அரை மீட்டர் நீளமுள்ள குடல் நரம்புக்கு அந்த எல்லை ஏறக்குறைய 400க்கும் 500க்கும் இடையே. ஆகவே அக்கருவியின் மிக உச்சமான நரம்பு அதற்குக் கீழேதான் ஒலித்திருக்கும் என்று துணிந்து சொல்லலாம். அதற்குக் கீழே எங்கே என்று கேட்டால், கருவியிடம் விடை இல்லை.

சுருதி இருக்கட்டும். உருவமே தவறிப் போவதும் உண்டு. இங்கிலாந்தில் சட்டன் ஹூ என்னுமிடத்தில் 1939இல் ஆங்கிலோ-சாக்சன் மன்னன் ஒருவனின் கப்பற் புதையல் தோண்டியெடுக்கப்பட்டது. வெண்கலக் கிண்ணம் ஒன்றில் மேப்பிள் மரத் துண்டுகள் சிலவும், அழகிய பறவைத் தலை அணிகள் இரண்டும் இருந்தன. 1940களின் பிற்பகுதியில் அவற்றைக் கொண்டு சிறிய ஹார்ப் ஒன்றை மறு ஆக்கம் செய்தார்கள். அதாவது நம்முடைய யாழைப்போல் நரம்புகள் ஒலிப்பெட்டியிலிருந்து சாய்வாக மேலெழும் கருவி. அதை வாசித்தார்கள், வானொலியில் ஒலிபரப்பினார்கள். பழைய ஆங்கிலக் காவியத்தில் வரும் கருவி இதுவே என்று இருபது ஆண்டுகள் நம்பினார்கள்.

1970இல் ரூப்பர்ட் புரூஸ்-மிட்ஃபோர்டும் மிர்ட்டில் புரூஸ்-மிட்ஃபோர்டும் அதே துண்டுகளை மீண்டும் அடுக்கிப் பார்த்தனர். ஜெர்மனியில் கிடைத்த கருவிகளோடு ஒப்பிட்டனர். அது ஹார்ப் அன்று, ‘லைர்’ என்று தெளிந்தது. லைரில் பெட்டியிலிருந்து இரு கைகள் எழும். அவற்றை மேலே ஒரு குறுக்குச் சட்டம் இணைக்கும். நரம்புகள் பலகையின் மேலாக, குதிரை என்னும் தாங்கியைக் கடந்து அச்சட்டத்திற்குச் செல்லும். கருவியின் இனமே வேறு! ஆறு நரம்புகள் கொண்ட புதிய மறு ஆக்கம் செய்யப்பட்டது. பிறகு 2001–02 பனிக்காலத்தில் ஜெர்மனியின் டிராசிங்கென் என்னும் ஊரில், ஈரக் களிமண்ணின் காப்பில் கெடாமல் கிடந்த ஒரு கல்லறையில், கி.பி. 580ஆம் ஆண்டளவைச் சேர்ந்த லைர் ஏறக்குறைய முழுதாகக் கிடைத்தது. ஆறு முறுக்காணிகளும் குதிரையும் கூட இருந்தன. 1970இன் முடிவு சரியென்று மண்ணே சான்றளித்துவிட்டது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இவ்வாறு தன்னைத் திருத்திக் கொண்டது இது ஒருமுறை மட்டும் அன்று. ஊர் நகரத்தின் அரச கல்லறைகளில் லியோனார்டு வூலி 1920களில் கண்டெடுத்த கருவிகளின் மரம் முழுவதும் மக்கிப் போயிருந்தது. மரம் இருந்த வெற்றிடத்தில் சாந்தை ஊற்றி உருவத்தை மீட்டது அவருடைய அருமையான உத்தி. ஆயினும் அரசியின் கல்லறையில் கிடந்த லைரின் பகுதிகளையும் ஹார்ப்பின் பகுதிகளையும் ஒன்றாகச் சேர்த்து, உலகில் எங்கும் இல்லாத ஒரு கலப்புக் கருவியை உண்டாக்கிவிட்டார்கள். அது பல ஆண்டுகள் கண்ணாடிப் பேழையில் இருந்தது. 1970களின் தொடக்கத்தில்தான் பிரித்து இரண்டாக்கினார்கள். அதற்குள் அச்சிட்ட நூல்களில் அந்தக் கலப்புக் கருவியின் படமும் ஏறிவிட்டது. பழைய நூலகங்களில் நீங்கள் அதைக் காண நேர்ந்தால் வியப்படைய வேண்டாம்.

எழுத்தே கிடைத்தாலும்?

சுருதி கூட்டும் முறையை எழுதியே வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் அல்லவா? பாபிலோனியர் அப்படி எழுதி வைத்தார்கள். எந்த நரம்பை இறுக்க வேண்டும், எதைத் தளர்த்த வேண்டும் என்று கூறும் ஏறக்குறைய 3800 ஆண்டுக் களிமண் ஏடு ஒன்று ஊரில் கிடைத்து 1968இல் வெளியாயிற்று. ஏழு சுர முறைகளும் அவற்றின் பெயர்களும் தெரிந்தன. சிரியாவின் உகாரித் நகரில் 1950களில் எடுத்த, கி.மு. 1400ஐ ஒட்டிய ஏடொன்றில் நிக்கல் என்னும் தெய்வத்தின் துதிப்பாடலும், அதன் கீழே நரம்பிணைகளின் பெயர்களும் எண்களும் இருந்தன.

கலிபோர்னியாவின் ஆன் கில்மர் இதைப் படித்து, ரிச்சர்டு கிராக்கர், ராபர்ட் பிரவுன் ஆகியோருடன் 1976இல் இசைத்தட்டு வெளியிட்டார். அவருடைய பொருள்கோளில் இரு நரம்புகள் ஒருங்கே ஒலிக்கின்றன. வேறு அறிஞர்களின் பொருள்கோளில் ஒற்றை மெட்டு ஓடுகிறது. சுர வரிசை மேல்நோக்கியதா கீழ்நோக்கியதா என்பதிலும் சர்ச்சை. எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதிலும் சர்ச்சை. தாளம் எழுதப்படவே இல்லை. ஒரே ஏட்டிலிருந்து ஒன்றோடொன்று சிறிதும் ஒத்துப் போகாத ஐந்தாறு பாட்டுகள் பிறந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ‘உலகின் மிகப் பழைய பாட்டு’ என்ற பெயரில் உலவுகிறது! கில்மர் குழுவினரின் இசைத்தட்டை நான் மதிக்கிறேன். தம் வழிமுறையை அவர்கள் விளக்கிச் சொன்னார்கள். பின்வந்த பலர் விளக்கத்தை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நம் யாழுக்கும் இந்த அளவுகோலே பொருந்தும். மண்ணிலிருந்து யாழ் ஒன்றும் எழுந்து வரவில்லை. இலக்கியச் செய்திகளும் சிற்பங்களும்தான் உண்டு. அறிவியல் பட்டதாரியான சுவாமி விபுலானந்தர் 1947இல் வெளியான ‘யாழ் நூல்’ என்ற நூலில் பழந்தமிழ்ச் சுர முறைகளைக் கணக்கிட்டுக் காட்டினார். அவர் முடிவுகளோடு மாறுபடலாம். ஆனால் எந்தச் செய்தியிலிருந்து எந்த எண்ணை எடுத்தார் என்பதை வெளிப்படையாக வைத்திருக்கிறார். ஆகவே மாறுபடவும் இடமிருக்கிறது. இன்று யாழ் என்று மேடைகளில் இசைக்கப்படும் புதுக்கருவிகளைக் கேட்கும்போது, கணக்கு எங்கே என்று நாம் மரியாதையாகக் கேட்கலாம்.

எக்காளத்தோடு தொடங்கினோம், அதன் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2011 சனவரியில் கெய்ரோவில் கலகம் நடந்தபோது அருங்காட்சியகத்தில் புகுந்த திருடர்கள் செப்புக் கலவை எக்காளத்தைக் கொண்டு போய்விட்டனர். நல்லவேளை, சில மாதங்களில் அது திரும்பக் கிடைத்தது. இனி அதை ஊதிப் பார்க்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. அளவுகள் வெளியாகி விட்டன. நகல் செய்து ஊதலாம். நீங்களே கூடச் சிறிதளவு சோதித்துப் பார்க்கலாம். முக்கால் அங்குலப் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில் 58 செ.மீ. வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்கிக் கொள்ளுங்கள். உதட்டை நேராக வைத்துத் துடிக்கவிட்டு ஊதுங்கள். முதலில் கரகரத்த தாழ்ந்த ஒலி வரும். உதட்டை இறுக்கினால் அதற்கு மேலே ஒன்று வரும். அதற்கும் மேலே ஏற முயன்று பாருங்கள். பிறகு பாண்டு வாத்தியக் குழுவில் டிரம்பெட் வாசிக்கும் நண்பர் யாரேனும் இருந்தால், அவருடைய ஊதுமுனையை இரவல் வாங்கிக் குழாயின் வாயில் துணியைச் சுற்றி இறுகப் பொருத்தி மீண்டும் ஊதுங்கள். இரண்டு முறையும் எத்தனை சுரங்கள் கிடைத்தன என்று தனித்தனியே எண்ணிக் குறித்துக் கொள்ளுங்கள்.